ஞாயிற்றுக்கிழமை மட்டும் லிக்கர் ஸ்டோர் ஏன் பூட்டியிருக்கிறது?

கோடைமழை (டாலஸ் பக்கம்)

சென்னையிலிருந்து டெக்ஸஸ் வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. நேற்று ஞாயிற்றுக்கிழமை, ஆஸ்டினிலிருந்து மச்சான் குடும்பத்தோடு வந்திருந்தார். மட்டனைத் தயிரில் ஊறப்போட்டுவிட்டு, ஒரு பாட்டில் விஸ்கி வாங்கி வந்துவிடலாம் என்று இரண்டு பேரும் காலையிலேயே கிளம்பினோம். முதல் கடை பூட்டு. உள்ளே பியர் ஃப்ரிட்ஜின் நீல விளக்கு மட்டும் எரிகிறது. ஆள் வர நேரமாகும் போல என்று இரண்டாவது கடைக்குப் போனோம். அதுவும் பூட்டு. மூன்றாவது கடை வாசலில் எங்களைப் போலவே இன்னொருவர் காரிலிருந்து இறங்கினார். கதவைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், "ஓ, சண்டே!" என்று தலையில் தட்டிக்கொண்டு போய்விட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சரி, பியராவது வாங்கலாம் என்று சூப்பர் மார்க்கெட் போனால் அங்கே பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். எடுத்து வந்து கவுன்டரில் வைத்தால் மெஷின் கத்துகிறது. மணி 9.50. "பத்து மணிக்கு முன்னால் பில் விழாது, கொஞ்சம் ஓரமாக நில்லுங்கள்" என்கிறார் அந்தப் பெண். நாங்கள் இரண்டு பேரும், எங்களைப் போலவே மாட்டிக்கொண்ட இன்னொருவரும், ஆளுக்கொரு பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி வாழைப்பழத் தட்டுக்குப் பக்கத்தில், வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட பையன்கள் மாதிரி நின்றோம்.

மதத்தையும் அரசையும் பிரித்து வைத்த நாடு என்றுதானே படித்தோம்? அப்புறம் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்ன விசேஷம்? அதே தெருவில் இருக்கும் பாரில் மதியம் உட்கார்ந்து நாலு லார்ஜ் அடித்துவிட்டு காரை எடுக்கலாமாம். பாட்டிலை வாங்கி வந்து வீட்டு சோபாவில் குடித்துவிட்டுத் தூங்குகிறவனுக்குத்தான் தடை. இதில் ஏதாவது லாஜிக் இருந்தால் சொல்லுங்கள்.

மொட்டைமாடி

சனிக்கிழமை ராத்திரி 9 மணி வரைக்கும் கடை திறந்துதானே இருந்தது? மட்டனை மட்டும் முதல் நாளே வாங்கத் தெரிந்ததா?

ஏட்டுச்சுரை

கேட்டவருக்குக் கொஞ்சம் பழைய கதை. சுருக்கமாகச் சொல்லப் பார்க்கிறேன், முடியாது என்று எனக்கே தெரியும்.

கி.பி. 321-ல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஞாயிறு ஓய்வு நாள் என்று ஆணை போட்டார். அதிலேயே உழவர்களுக்கு மட்டும் விலக்கு. பருவம் தப்பினால் விதைப்பு போய்விடும் என்று. அந்த ஆணை ஐரோப்பா முழுக்கச் சுற்றி, கப்பலேறி அமெரிக்கக் காலனிகளுக்கு வந்தது. அங்கே ஞாயிறு வேலை செய்தால், கடை திறந்தால், சில ஊர்களில் பயணம் போனால்கூட அபராதம். இந்தச் சட்டங்களுக்கு அமெரிக்காவில் 'நீலச் சட்டம்' என்று பேர். நீலம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள், ஒன்றையும் நம்பாதீர்கள்.

இது மதச் சட்டம்தானே என்று கேட்டு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறார்கள். மேரிலாண்டில் ஒரு பெரிய கடையின் ஊழியர்கள் ஞாயிற்றுக்கிழமை விற்றதற்காகப் பிடிபட்டார்கள். விற்றது என்ன தெரியுமா? ஒரு நோட்டு, தரைக்குப் போடும் மெழுகு, ஒரு ஸ்டேப்ளர், ஒரு பொம்மை நீர்மூழ்கிக் கப்பல். 1961-ல் தீர்ப்பு வந்தது. தலைமை நீதிபதி ஏர்ல் வாரன், 'பிறந்தது மதத்தில்தான், ஆனால் இன்றைக்கு அதன் நோக்கம் எல்லோருக்கும் பொதுவான ஓய்வு நாள், ஆகவே செல்லும்' என்ற பொருளில் எழுதிவிட்டார். கோடைமழை கேட்ட கேள்விக்குச் சட்டத்தின் பதில் அதுதான்.

அதே 1961-ல் டெக்ஸஸ் ஒரு கூத்து செய்தது. சட்டி, பானை, கத்தி, வாஷிங் மெஷின் என்று 42 வகைச் சாமான்களைப் பட்டியல் போட்டு, சனி ஞாயிறு இரண்டு நாளும் அடுத்தடுத்து விற்கக் கூடாது என்றது. 1985-ல் அதைத் தூக்கிவிட்டார்கள். ஆனால் கார் விற்கும் ஷோரூம் இன்றைக்கும் சனி, ஞாயிறில் ஒரு நாள் மூடியாக வேண்டும். மதுக்கடை ஞாயிறு முழுக்க மூடியாக வேண்டும். ஸ்டேப்ளர் தப்பித்துவிட்டது, சரக்கு மாட்டிக்கொண்டது.

கோடைமழை (டாலஸ் பக்கம்)

ஆக நான் சொன்னதுதானே சரி? தேவாலயத்துக்காகப் போட்ட சட்டம், மேலே 'ஓய்வு' என்று லேபிள் ஒட்டியிருக்கிறார்கள்.

கல்லாப்பெட்டி (ஹூஸ்டன்)

தம்பி, நான் 11 வருஷமாக லிக்கர் ஸ்டோரில் வேலை பார்க்கிறேன். இந்தச் சட்டத்தைப் பிடித்து நிற்பது பாதிரியார் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். பிடித்து நிற்பது நாங்கள்தான்.

கணக்கைக் கேளுங்கள். வாரத்துக்குப் பத்து பாட்டில் வாங்குகிற ஊர், கடையை ஏழு நாள் திறந்தால் பதினொன்றா வாங்கப் போகிறது? ஏறக்குறைய அதே பத்துதான். அதை ஆறு நாளில் விற்றால் ஒரு நாள் கரண்ட் பில் மிச்சம், இரண்டு ஆள் சம்பளம் மிச்சம், முதலாளி பிள்ளையின் ஃபுட்பால் மேட்சுக்குப் போகலாம். ஒரு கடை ஞாயிறு திறந்தால் எதிர்க்கடையும் திறந்தாக வேண்டும், இல்லாவிட்டால் வாடிக்கை போய்விடும். எல்லோரும் ஒன்றாக மூடினால்தான் யாருக்கும் நஷ்டமில்லை. எல்லோரையும் ஒன்றாக மூட வைக்கச் சட்டத்தால் மட்டும்தான் முடியும். அதனால்தான் இரண்டு வருஷத்துக்கொரு முறை சட்டசபை கூடும்போது யாராவது ஞாயிறு விற்பனை மசோதா கொண்டுவந்தால், முதலில் எதிர்த்துப் போகிறவர்கள் கடைக்காரர்களாகவே இருக்கிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. பங்குச் சந்தையில் இருக்கும் பெரிய கம்பெனி டெக்ஸஸில் ஸ்பிரிட் (விஸ்கி, ரம் வகை) கடை நடத்த முடியாது. வால்மார்ட் இதை எதிர்த்து 2015-ல் வழக்குப் போட்டு, கடைசியில் 2020-ல் உச்ச நீதிமன்றம் அதை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது. அதனால்தான் சூப்பர் மார்க்கெட்டில் பியர், ஒயினோடு நிற்கிறது, விஸ்கி கிடையாது. ஞாயிறு கதவைத் திறந்துவிட்டால் அடுத்து அந்தக் கதவையும் தட்டுவார்கள் என்று எங்கள் பக்கத்துப் பயம்.

இண்டியானாவைப் பாருங்கள். அங்கே ஞாயிறு கடையில் பியரைக்கூட வாங்கி வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது என்றுதான் 2018 வரைக்கும் இருந்தது. அந்த வருஷம் மார்ச் 4-ம் தேதி, மதியம் 12 முதல் ராத்திரி 8 வரை என்று முதல் ஞாயிறு விற்பனை. அங்கே பெரிய சண்டை எதைப் பற்றி? கடவுளைப் பற்றி இல்லை. குளிர்ந்த பியரைப் பற்றி. குளிர வைத்த பியர் விற்கும் உரிமை லிக்கர் ஸ்டோருக்கு மட்டும், மளிகைக் கடைக்காரன் குளிர வைக்காமல்தான் விற்க வேண்டும். அதை விட்டுக்கொடுக்காமல்தான் ஞாயிற்றுக்குச் சம்மதித்தார்கள்.

கோடைமழை (டாலஸ் பக்கம்)

அண்ணே, இதைக் கேட்ட பிறகு இன்னும் கோபம்தான் வருகிறது. பக்தி என்றாலாவது மரியாதை கொடுக்கலாம். உங்கள் கரண்ட் பில்லுக்காக நான் வாழைப்பழத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டுமா?

கல்லாப்பெட்டி (ஹூஸ்டன்)

பத்து நிமிஷம்தானே நின்றீர்கள்? 2021 செப்டம்பருக்கு முன்னால் வந்திருந்தால் மதியம் 12 வரைக்கும் நின்றிருப்பீர்கள்.

ஆற்றுமணல் (ஆல்புகர்க்கி)

எல்லோரும் கடைக்காரர் கணக்கும் வாங்குகிறவர் கணக்கும் போடுகிறீர்கள். மூன்றாவது கணக்கு ஒன்று இருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பாளையங்கோட்டைக்காரி, மூன்று தலைமுறை சி.எஸ்.ஐ. கோயிலுக்கு ஆள் சேர்க்கக் கடையை மூடுங்கள் என்று கேட்க வரவில்லை. கடை திறந்திருப்பதால் ஆராதனைக்கு வராமல் போகிறவர் வந்துதான் என்ன ஆகப்போகிறது. நான் நர்ஸ். அவசர சிகிச்சைப் பிரிவில் ஞாயிறு ராத்திரி டியூட்டி பார்த்தவள் என்ற முறையில்தான் எழுதுகிறேன்.

நியூ மெக்ஸிகோவில் 1995 ஜூலையில் ஞாயிறு பாட்டில் விற்பனைக்கு அனுமதி கொடுத்தார்கள். பத்து வருஷத்து விபத்துக் கணக்கை எடுத்துப் பார்த்த ஆய்வு 2006-ல் வெளிவந்தது. அனுமதிக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் குடியால் நடந்த விபத்துகள் 29 சதவீதம் கூடியிருந்தன, அந்த விபத்துச் சாவுகள் 42 சதவீதம் கூடியிருந்தன. இந்த எண்களை நான் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் கேள்விப்பட்டேன். எண்களைக் கேள்விப்படும் முன்பே வேலையில் ஒன்றைப் பார்த்திருந்தேன். விபத்தில் வந்த ஒரு பையன், இருபத்திரண்டு வயதிருக்கும். ஜீன்ஸைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுக்கும்போது பாக்கெட்டிலிருந்து ரசீது விழுந்தது. எடுத்து ஓரமாக வைக்கப் போனவள் படித்துவிட்டேன். பன்னிரண்டு கேன் பெட்டி ஒன்று, ஒரு பாக்கெட் சிப்ஸ். ஞாயிறு, மாலை 6.12. எங்களிடம் வந்து சேர்ந்தபோது மணி ஒன்பதுகூட ஆகவில்லை.

கோடைமழை, உங்கள் பார் கேள்வி நியாயமானதுதான். அதையும் மூடச் சொல்லுங்கள், நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

கோடைமழை (டாலஸ் பக்கம்)

அக்கா, அந்த ரசீதைப் பற்றி வாதாட எனக்கு மனசில்லை. ஆனால் எண்களைப் பற்றி வாதாடலாம் இல்லையா? நேற்று ராத்திரி தேடிப் படித்தேன். 2010-ல் வந்த இன்னொரு ஆய்வு, ஞாயிறு தடையை நீக்கிய பல மாநிலங்களைச் சேர்த்துப் பார்த்திருக்கிறது. சாலைச் சாவு கூடியது நியூ மெக்ஸிகோவில் மட்டும்தான் தெரிந்தது, மற்ற இடங்களில் அப்படித் தெரியவில்லை என்கிறார்கள். ஒரே சட்டம், ஒரு மாநிலத்தில் கொல்கிறது, இன்னொன்றில் கொல்லவில்லை என்றால் குற்றவாளி ஞாயிறா? தூரம் தூரமான ஊர், பஸ் கிடையாது, வண்டியில்தான் போயாக வேண்டும் என்பது இல்லையா?

அப்புறம், ஞாயிறு இல்லாவிட்டால் அந்தப் பையன் சனிக்கிழமை வாங்கியிருக்க மாட்டானா?

ஆற்றுமணல் (ஆல்புகர்க்கி)

வாங்கியிருப்பான். சனிக்கிழமையே தீர்த்திருப்பான்.

உங்களைப் போல மட்டனுக்குத் துணையாகக் குடிக்கிறவர்களுக்கு இது புரியாது, கோபிக்க வேண்டாம். வீட்டில் பாட்டில் இருந்தால் நாளைக்கு என்று மிச்சம் வைக்கத் தெரிந்தவருக்குத் தடை ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். தெரியாதவருக்குத்தான் தடை வேலை செய்யும்.

என் சித்தப்பா கதை சொல்கிறேன். 2020 ஜூலை, ஆகஸ்டில் தமிழ்நாட்டில் ஞாயிறுதோறும் முழு ஊரடங்கு, டாஸ்மாக் கிடையாது. சனிக்கிழமை வரிசையில் நின்று நாலு குவார்ட்டர் வாங்கி வருவார், இரண்டு இன்றைக்கு, இரண்டு நாளைக்கு என்று பீரோ மேலே வைப்பார். ராத்திரி பதினோரு மணிக்கு ஸ்டூல் நகரும் சத்தம் கேட்கும். அது நாளைக்கானது இறங்கும் சத்தம். ஞாயிறு காலையில் கை நடுக்கத்தோடு உட்கார்ந்திருப்பார், மதியத்துக்கு மேல் சாப்பிடுவார், சாயங்காலம் சித்தியோடு திண்ணையில் உட்கார்ந்து பேசுவார். திங்கட்கிழமை பழைய ஆள். அந்த ஒன்பது பத்து ஞாயிறுகளைத்தான் சித்தி இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மொட்டைமாடி

சனிக்கிழமை ராத்திரி அந்த வீட்டில் என்ன நடந்தது என்றும் சித்தியிடம் கேட்டீர்களா?

ஆற்றுமணல் (ஆல்புகர்க்கி)

கேட்டேன். வழக்கத்தைவிட மோசம்தான். மறைக்கவில்லை.

வடதுருவம் (ஸ்டாக்ஹோம்)

இங்கே சுவீடனில் மதத்தையும் இழுக்க வேண்டாம், கடைக்காரர் லாபத்தையும் இழுக்க வேண்டாம். கடையே அரசாங்கத்துடையது. சிஸ்டம்போலாகெட் என்று பேர், நம் டாஸ்மாக் மாதிரி. ஆனால் மாதிரி என்று சொல்வதே தப்பு. நூலகம் போல இருக்கும், விற்றே ஆக வேண்டும் என்ற இலக்கு கிடையாது, 'ஒன்று வாங்கினால் ஒன்று' கிடையாது. சனிக்கிழமை மாலை 3 மணிக்குக் கதவு மூடும், திங்கட்கிழமைதான் திறக்கும். சூப்பர் மார்க்கெட்டில் 3.5 சதவீத பியர் வரைக்கும் கிடைக்கும், அதைக் குடித்து யாரும் எங்கேயும் போய்ச் சேர்ந்ததில்லை.

இவர்கள் யோசனை நேரடியானது. கிடைப்பது குறைந்தால் குடிப்பது குறையும். 1980களில் சனிக்கிழமையும் மூடினார்கள். 2000-ல் சில மாவட்டங்களில் மட்டும் சனிக்கிழமை திறந்து சோதனை செய்தார்கள், மற்ற மாவட்டங்களோடு ஒப்பிட்டார்கள், 2001-ல் நாடு முழுக்கத் திறந்தார்கள். விற்பனை 3.7 சதவீதம் கூடியது, அடிதடி கூடியதாகத் தெரியவில்லை. அதனால் சனிக்கிழமையைத் திறந்தபடி விட்டார்கள், ஞாயிற்றைத் தொடவில்லை. இப்படிச் சோதித்துப் பார்த்துச் சட்டம் போடுகிற ஊரில் இருந்துகொண்டு உங்கள் சண்டையைப் படிக்க வேடிக்கையாக இருக்கிறது.

கல்லாப்பெட்டி அண்ணே, ஏழு நாள் திறந்தாலும் அதே பத்து பாட்டில்தான் என்றீர்கள். 3.7 சதவீதம் கூடியதே? ஒரு நாள் திறந்தால் கொஞ்சமாவது கூடத்தான் செய்கிறது.

கல்லாப்பெட்டி (ஹூஸ்டன்)

நூற்றுக்கு நாலு பாட்டிலுக்காக ஒரு நாள் முழுக்கக் கடையைத் திறந்து ஆள் போட்டால் கட்டுப்படியாகுமா என்பதுதான் என் கணக்கு. கூடுவது உங்கள் அரசாங்கத்துக்குக் கவலை, எனக்குப் போதாது என்று கவலை. இரண்டு பேரும் ஒரே பூட்டைப் பூட்டுகிறோம்.

வாளையார்

எங்கள் பக்கத்துக் கதை. 2014-ல் கேரளாவில் உம்மன் சாண்டி அரசாங்கம் பார்களை மூடும் கொள்கையோடு ஞாயிற்றுக்கிழமையும் உலர் நாள் (மது விற்காத நாள்) என்று அறிவித்தது. அக்டோபரில் தொடங்கி டிசம்பரிலேயே கைவிட்டார்கள். சுற்றுலா படுத்துவிடும் என்று ஒரே கூச்சல். இன்றைக்கும் அங்கே மாதம் முதல் தேதி கடை கிடையாது. காரணம் சாமி இல்லை, சம்பளம். முதல் தேதி சம்பளக் கவர் முழுசாக வீட்டுக்குப் போகட்டும் என்று. யோசித்துப் பார்த்தால் ஞாயிற்றைவிட அதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. இப்போது சம்பளம் பேங்கில் ஏறுகிறது, அது வேறு விஷயம்.

தேக்கா வாசி (சிங்கப்பூர்)

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். டெக்ஸஸில் ஞாயிறு தடை எல்லோருக்கும். சுவீடனில் எல்லோருக்கும். எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன், அப்புறம் பேசுங்கள்.

நான் 2009-ல் கட்டுமான வேலைக்கு வந்தவன். வாரம் ஆறு நாள் வேலை, ஞாயிறு ஒரு நாள்தான் நம் நாள். அதிலும் ஓ.டி. இருந்தால் அரை நாள். மத்தியானம் டோமிலிருந்து (தொழிலாளர் விடுதி) தனியார் பஸ் பிடித்து தேக்கா, அதாவது லிட்டில் இந்தியா, வருவோம். ஊருக்குப் பணம் அனுப்ப வரிசை, போன் கார்டு, ஒரு சாப்பாடு, மீன் குழம்போடு. அப்புறம் ரேஸ் கோர்ஸ் ரோடு பக்கம் புல்தரையில் ஊர் ஊராக உட்காருவார்கள். அறந்தாங்கி ஆட்கள் ஒரு பக்கம், மன்னார்குடி ஆட்கள் ஒரு பக்கம். கடைக்குள் உட்கார்ந்து குடிக்கக் காசு கட்டாது, அதனால் கேனை வாங்கிப் புல்லில் வைத்துக்கொள்வோம். எட்டரை ஒன்பதுக்குத் திரும்ப பஸ் வரிசை. எங்கள் வீட்டு வரவேற்பறை அந்தப் புல்தரைதான்.

2013 டிசம்பர் 8, ஞாயிறு ராத்திரி. பஸ்ஸில் ஏறி இறக்கிவிடப்பட்ட ஒரு தொழிலாளி, குடித்திருந்தார், நகரும் பஸ்ஸுக்குப் பக்கத்திலேயே நடந்து வந்து தடுமாறி விழுந்தார், சக்கரம் ஏறிவிட்டது. நம் தமிழ்நாட்டுக்காரர், 33 வயது. உடம்பு அடியில் கிடக்கிறது, வந்தவர்கள் டிரைவரையும் பஸ்ஸில் ஆள் ஏற்றும் பெண்ணையும்தான் காப்பாற்றுகிறார்கள், இவரைக் கவனிக்கவில்லை என்று கூட்டத்தில் பேச்சு பரவியது. அப்புறம் கல், பாட்டில், நெருப்பு. ஆம்புலன்ஸே எரிந்தது. சிங்கப்பூரில் நாற்பது வருஷத்துக்கும் மேல் நடக்காத கலவரம். அதை நான் நியாயப்படுத்தவே மாட்டேன். நான் அன்றைக்கு ஓ.டி.யில் இருந்தேன், போனில்தான் பார்த்தேன், கை நடுங்கியது.

விசாரணைக் குழு வைத்தார்கள், முன்னாள் நீதிபதி பன்னீர்செல்வம் தலைமையில். விபத்து, அதைத் தப்பாகப் புரிந்துகொண்ட கூட்டம், மது, இவைதான் காரணம், சம்பளமோ வேலை நிலைமையோ இல்லை என்று 2014-ல் அறிக்கை வந்தது. 2015 ஏப்ரலில் புதுச் சட்டம். நாடு முழுக்க ராத்திரி 10.30-லிருந்து காலை 7 வரை பொது இடத்தில் குடிக்கக் கூடாது. சரி, அது எல்லோருக்கும். ஆனால் லிட்டில் இந்தியா, கேலாங் இரண்டும் தனி வட்டம். அங்கே சனிக்கிழமை காலை 7-லிருந்து திங்கட்கிழமை காலை 7 வரை பொது இடத்தில் ஒரு மடக்கு கிடையாது. அபராதமும் மற்ற இடத்தைவிடக் கூடுதல். கடைகளிலும் பொழுது சாய்ந்ததும் விற்பனை நிற்க வேண்டும்.

ஆற்றில் படகு பார்த்துக்கொண்டு மேசை போட்டு ஒயின் குடிக்கும் இடத்தில் ஞாயிறு எந்தத் தடையும் இல்லை. உரிமம் உள்ள கடைக்குள் உட்கார்ந்தால் தேக்காவிலும் குடிக்கலாம். ஆக, தடை ஞாயிற்றுக்கு இல்லை. நாற்காலிக்குக் காசு இல்லாதவனுக்கு.

ஆற்றுமணல் (ஆல்புகர்க்கி)

தம்பி, உங்கள் வலி புரிகிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். அதற்குப் பிறகு ஞாயிறு ராத்திரி அந்தத் தெருவில் விழுந்து கிடப்பவர்கள் குறைந்தார்களா இல்லையா?

தேக்கா வாசி (சிங்கப்பூர்)

குறைந்தார்கள். பொய் சொல்ல மாட்டேன். அந்தப் பேட்டையில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களே பல வருஷமாகப் புகார் சொல்லிக்கொண்டிருந்தார்கள், படிக்கட்டில் வாந்தி, லிஃப்டில் மூத்திரம் என்று. அவர்களுக்கு நிம்மதி. அந்தப் பக்கமும் நம் ஆட்கள்தான், அதனால்தான் இதில் என்னால் கத்த முடியவில்லை.

ஆனால் அந்த ஆட்கள் குடியை விட்டார்களா? டோமில், ரூமில், கட்டிலுக்கு அடியில். புல்தரையில் இருந்தபோது பக்கத்தில் பத்துப் பேர், 'போதும்டா, பஸ் வந்துடும்' என்று ஒருவனாவது சொல்லுவான். இப்போது சனிக்கிழமை ராத்திரி தனியாக ஆரம்பிக்கிறான்.

வடதுருவம் (ஸ்டாக்ஹோம்)

அங்கே தடை விற்பனைக்கா, குடிக்கும் இடத்துக்கா? இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள். எங்கள் ஊரில் நான் சொன்னது விற்பனை மட்டும்.

தேக்கா வாசி (சிங்கப்பூர்)

இரண்டும்தான் என்று எழுதியிருக்கிறேனே. உங்கள் ஊரில் சனிக்கிழமை 3 மணிக்கு முன்னால் கடைக்குப் போக எல்லோருக்கும் லீவு இருக்கிறது. நானோ சனிக்கிழமை 3 மணிக்குச் சாரத்தின் மேல் இருப்பேன்.

ஏட்டுச்சுரை

தேக்கா வாசி சொல்வது புதிதில்லை. 1881-ல் வேல்ஸ் முழுக்க ஞாயிறு மதுவிடுதிகளை மூடச் சட்டம் வந்தது. தேவாலயக்காரர்கள் கேட்டு வாங்கிய சட்டம். மூடியது சுரங்கத் தொழிலாளி போகும் பொதுவிடுதியை. உறுப்பினராகச் சேர்ந்து குடிக்கும் கிளப்புகளுக்குப் பூட்டு கிடையாது. அதோடு இன்னொரு ஓட்டை: மூன்று மைல் தாண்டி வந்த உண்மையான வழிப்போக்கருக்குக் கொடுக்கலாம். அப்புறம் என்ன, ஞாயிறு வந்தால் ஊரே வழிப்போக்கர். இந்த ஊர்க்காரன் அந்த ஊருக்கும் அந்த ஊர்க்காரன் இந்த ஊருக்கும் நடப்பான். 1961-ல் அந்தந்த மாவட்டமே வாக்கெடுப்பில் முடிவு செய்யட்டும் என்று மாற்றினார்கள், ஏழு வருஷத்துக்கொரு முறை. கடைசியாக மிஞ்சிய டுவிஃபோர் மாவட்டம் திறந்தது 1996-ல்.

ஆற்றுமணல் (ஆல்புகர்க்கி)

நான் ஒன்றை மாற்றிக்கொள்கிறேன். வாரத்தில் ஒரு நாள் கடை பூட்டியிருப்பது நல்லது என்றுதான் இன்னும் நினைக்கிறேன், அதில் மாற்றமில்லை. ஆனால் அந்த நாள் ஞாயிறாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வாளையார் சொன்ன முதல் தேதி மாதிரி, எந்த நாளில் வீடு அதிகம் அடி வாங்குகிறதோ அந்த நாள். அது ஊருக்கு ஊர் வேறு. தேக்காவுக்கு எது என்று அந்த ஞாயிறு ஒரு நாள் மட்டும் லீவு உள்ளவர்களிடம் யாராவது கேட்டார்களா என்று தெரியவில்லை.

கோடைமழை (டாலஸ் பக்கம்)

நான் மாறவில்லை அக்கா. பாரைத் திறந்து வைத்துக்கொண்டு கடையைப் பூட்டும் சட்டத்துக்கு இன்னும் யாரும் எனக்கு லாஜிக் சொல்லவில்லை. கல்லாப்பெட்டி அண்ணன் சொன்னது லாஜிக் இல்லை, வாக்குமூலம். ஆனால் அந்தப் பீரோ மேலிருந்து இறங்கும் ஸ்டூல் சத்தத்தை மச்சானிடம் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, அவர் வீட்டிலும் ஒரு ஸ்டூல் இருந்திருக்கிறது.

அவர் மறுபடி கிறிஸ்துமஸ் லீவுக்கு வருகிறார். இந்த முறை முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுவேன், மொட்டைமாடிக்கு நன்றி.

கல்லாப்பெட்டி (ஹூஸ்டன்)

கிறிஸ்துமஸ் என்றதும் ஞாபகம் வந்தது. அன்றைக்கும் கடை கிடையாது, புத்தாண்டு அன்றும் கிடையாது, நன்றி அறிவித்தல் நாளும் கிடையாது. கிறிஸ்துமஸ் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் மறுநாள் திங்களும் சேர்த்து மூட வேண்டும், சட்டம் அப்படி. 2022-ல் அப்படித்தான் வந்தது. சனிக்கிழமை ராத்திரி 9 மணிக்குப் பூட்டி செவ்வாய் காலை 10 மணிக்குத் திறந்தோம், 61 மணி நேரம். அடுத்த வாரம் புத்தாண்டுக்கும் அதே கதை. அந்தச் சனிக்கிழமை கல்லாவில் நின்று எனக்குக் கால் வீங்கிவிட்டது.

அடுத்து கிறிஸ்துமஸ் ஞாயிறில் வருவது 2033. மச்சானிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.